வாசகர் கேள்வி பதில்: கேட் திறக்கிற நேரத்துலதான் காடி போகுது

போன மாசம் சிக்னல் லைட்டுல நின்ன காடியோட கண்ணாடிய உடைச்சு கைப்பைய எடுத்துட்டுப் போன கதைய ஒரு வாசகி எழுதியிருந்தாங்க, அதப் போட்டதுதான் போட்டோம், அதுக்கப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாமே காடி திருட்டு பத்திதான். ஒரே கேள்விய பல பேரு கேட்டிருக்கீங்க, அதனால சிலத ஒண்ணா சேர்த்துட்டேன். பேரு போடாதீங்கன்னு நிறைய பேரு சொன்னதால ஊர் மட்டும் இருக்கு.

கேள்வி (செந்தூல் வாசகி): ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி பதினோரு மணிக்கு தனியா காடி ஓட்டிட்டு வரேன் அண்ணே. வீட்டு ஆட்டோகேட் கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு, இறங்கிதான் பூட்டத் திறக்கணும். எங்க தாமான்லயே ஒருத்தர் இப்படி இறங்குறப்ப ரெண்டு பேரு மோட்டோல வந்து பாராங் காட்டி காடிய எடுத்துட்டுப் போயிட்டானுங்க. இப்ப கேட் கிட்ட வந்தாலே கை நடுங்குது, என்ன செய்யணும்?

பதில்: மொதல்ல அந்த ஆட்டோகேட்ட சரி பண்ணுங்க தங்கச்சி, மத்ததெல்லாம் அதுக்கப்புறம். ஏன் சொல்றேன்னா, ஓடிட்டு இருக்குற காடிய நிறுத்திப் புடுங்குறது கஷ்டம், பூட்டி நிறுத்தின காடிய எடுக்குறதுக்கும் கொஞ்சம் வேலை தெரியணும், ஆனா என்ஜின் ஓடுது, கதவு திறந்திருக்கு, ஆளு ஒரு கால் வெளிய ஒரு கால் உள்ள, அந்த அரை நிமிஷம் இருக்கு பாருங்க, அதுக்குத்தான் அவனுங்க காத்திருக்கானுங்க. அலாரமாவது இம்மொபிலைசராவது, எல்லாத்தையும் நாமளே ஆஃப் பண்ணி சாவியோட கையில குடுத்த மாதிரிதான். இன்னிக்கு வந்த கேள்விங்கள்ல சிலது இந்த அரை நிமிஷத்தப் பத்திதான், கீழ படிச்சுட்டே போனா உங்களுக்கே தெரியும்.

கேட் சரியாகுற வரைக்கும் இப்படி செய்ங்க. வீட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்பவே போன் அடிச்சு உள்ள இருக்குறவங்கள கேட்டத் திறந்து வைக்கச் சொல்லுங்க, ஆனா அவங்க ரோட்டுக்கு வந்து நிக்க வேணாம், க்ரில்லுக்கு உள்ள நின்னுட்டே உங்க லைட்டப் பாத்ததும் வரட்டும். தாமான் உள்ள நுழையுறப்பவே பின்னாடி கண்ணாடிய பாருங்க. மெயின் ரோட்டுலேர்ந்தே ஒரு மோட்டோவோ காடியோ ஒட்டிக்கிட்டு வந்தா உங்க லோரோங்ல திரும்பாதீங்க, நேராப் போய் ஒரு சுத்து சுத்துங்க. சும்மா அந்தப் பக்கம் போறவன் ஒரு சந்துல பிரிஞ்சிடுவான், நாலு திருப்பத்துலயும் பின்னாடியே வந்தான்னா அவன் உங்களுக்காக வரான், வீட்டுப் பக்கமே போகாதீங்க, நேரா போலீஸ் பாலாய்க்கு விடுங்க, அது தூரம்னா கூட்டமா இருக்குற மாமாக் கடை, இல்லாட்டி இருபத்துநாலு மணி நேர பெட்ரோல் ஸ்டேஷன். உள்ள உக்காந்துட்டே ஹார்ன அமுக்கிட்டு இருங்க, 999 அடிங்க. கைப்பேசில 112 அடிச்சாலும் அங்கதான் போகும்.

இன்னொண்ணு, கேட்டுக்கு மூக்க ஒட்டி நிறுத்தாதீங்க. ஒரு காடி நீளம் தள்ளி நின்னா ரிவர்ஸோ வலதோ எடுத்துட்டு ஓடலாம், ஒட்டி நின்னுட்டா பின்னாடி ஒரு மோட்டோவ குறுக்க போட்டாலே முடிஞ்சுது. ஆட்டோகேட் சரியானதுக்கு அப்புறமும் இதே கதைதான், காடி உள்ள வந்து கேட் முழுசா மூடுற வரைக்கும் கதவ அன்லாக் பண்ணவே கூடாது, ஏன்னா கேட் மூடுறதுக்கு முன்னாடி பின்னாலயே உள்ள நுழையுறவனும் இருக்கான். ரிமோட்ட காடி வைசர்ல மாட்டி வைக்கிற பழக்கம் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இருக்கு, காடி போனா அதோட வீட்டு கேட்டும் போச்சு. காடி சாவியோட வீட்டுச் சாவியயும் ஒரே வளையத்துல போடாதீங்க.

சரி, இவ்ளோ செஞ்சும் ஒருத்தன் பாராங்கோட வந்துட்டான்னு வைங்க. குடுத்துடுங்க. சண்டை வேணாம், சாவியத் தூக்கி எறிஞ்சு ஓடறதும் வேணாம், கைய அவனுக்குத் தெரியற மாதிரி வச்சுக்கிட்டு, சீட் பெல்ட்ட கழட்டுறேன்னு வாயில சொல்லிட்டே கழட்டுங்க, கைய பைக்குள்ள விட்டா கத்தி எடுக்கறீங்கன்னு அவன் நினைப்பான், அவனுக்கும் பதட்டம்தான். இறங்கி காடிய விட்டு விலகிப் போய்டுங்க. புஷ் ஸ்டார்ட் காடியா இருந்தா சாவி என் பையில இருக்கே, அவன் கொஞ்ச தூரத்துல நின்னுடுவான்னு சிலர் நினைக்கறாங்க, அப்படி நிக்காது, என்ஜின் ஆஃப் பண்ற வரைக்கும் பீப் பீப்னு கத்திக்கிட்டே ஓடும். சாவி வேணும்னு அவன் திரும்பி வந்தா உங்களுக்குத்தான் ஆபத்து, அதனால கேட்டா அதயும் குடுத்துடுங்க. கைப்பேசிய மட்டும் கப் ஹோல்டர்ல வைக்காம உடம்போட வச்சிருங்க, 999 அடிக்க அதுதான் வேணும்.

கேள்வி (கெப்போங்): புது காடி எடுத்திருக்கேன், சாவிய பாக்கெட்ல வச்சுக்கிட்டே கதவத் திறக்கற டைப். சாவி வீட்டுக்குள்ள இருந்தாலே திருடன் காடிய எடுத்துடுவான்னு சொல்றாங்க. மைலோ டின்ல போட்டா தடுக்கலாம்னும் சொல்றாங்க. இதெல்லாம் உண்மையா இல்ல கதையா?

பதில்: உண்மைதான். அந்த காடிங்க கதவப் புடிச்சதும் ஒரு மெல்லிசான சிக்னல் விடும், அது ஒரு மீட்டர் சுத்துக்குத்தான் எட்டும், சாவி அதக் கேட்டுட்டு பதில் குடுக்கும், கதவு திறக்கும். திருடனுங்க ரெண்டு பேரா வருவானுங்க, ஒருத்தன் காடி கிட்ட, இன்னொருத்தன் ஒரு பெட்டிய வச்சுக்கிட்டு உங்க வீட்டுக் கதவு, ஜன்னல் பக்கம். காடியோட சிக்னல அந்தப் பெட்டி நீட்டிக் கொண்டு போய் சாவி கிட்ட விடுது, சாவியும் காடி பக்கத்துலயே இருக்குன்னு நம்பி பதில் சொல்லிடுது. கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது. ஒரு தடவ என்ஜின் ஓடிட்டா மேல சொன்ன மாதிரிதான், சாவி இல்லாமலே போய்க்கிட்டு இருக்கும். நம்ம லிங்க் ஹவுஸ்ல வாசக் கதவுலேர்ந்து போர்ச் எவ்ளோ தூரம், நாலு எட்டு வைக்க முடியாது, அதுலயும் சாவிய வாசல் ஓரமா ஆணியில மாட்டுறது நம்ம வழக்கம். மொத வேலையா அந்த ஆணியப் புடுங்குங்க.

டின் வேலை செய்யும், ஆனா எல்லா டின்னும் இல்ல. மூடியும் தகரமா இருக்கணும், இறுக்கமா மூடணும், பிளாஸ்டிக் மூடின்னா பிரயோஜனமில்ல. சிக்னல் தடுக்கற பைன்னு ஆன்லைன்ல விக்கிறானுங்க, அதயும் நம்பிட்டு இருக்காதீங்க, நாள் ஆக ஆக உள்ள இருக்கற துணி மடிப்புல கிழிஞ்சிடும். எதுவா இருந்தாலும் சாவிய உள்ள போட்டு மூடி, எடுத்துட்டுப் போய் காடி கதவ ஒட்டியே நின்னு கைப்பிடிய இழுத்துப் பாருங்க, திறந்தா அந்த டின்ன பிஸ்கட்டுக்கே வச்சுக்குங்க. ஸ்பேர் சாவியும் இதே மாதிரிதான் சிக்னல் விடும், அத ட்ராயர்ல போட்டு மறந்துடாதீங்க. சில மாடல்ல சாவியோட சிக்னலயே தூங்க வைக்கிற வசதி இருக்கு, கொஞ்ச நேரம் அசையலன்னா தானே தூங்குற சாவியும் இருக்கு, உங்க காடி புக்கப் பாருங்க, யாருமே திறக்காத புக்கு அது.

இதோட முடியலங்கறதுதான் சங்கடம். 2022ல இங்கிலாந்துல ஒரு காடி பாதுகாப்பு ஆராய்ச்சியாளரோட டொயோட்டாவயே தூக்கிட்டானுங்க, அவரும் விடாம தோண்டிப் பாத்து எப்படின்னு வெளியிட்டாரு. பம்பர் ஓரத்த இழுத்து, ஹெட்லைட்டுக்குப் போற வயர்ல ஒரு கருவிய சொருகி, சாவி சரியான சாவிதான்னு காடியோட கம்ப்யூட்டருக்கு பொய்யா ஒரு செய்திய அனுப்பறது. பாக்க சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் மாதிரி இருந்துச்சாம். இதுக்கு டின்னு பத்தாது, ஏன்னா சாவிக்கு வேலையே இல்ல. அதனால நான் எல்லாருக்கும் சொல்றது அந்தக் காலத்து ஸ்டியரிங் லாக்குதான், பளிச்சுனு கலர்ல வாங்கிப் போடுங்க, அத அறுக்க முடியாதுன்னு இல்ல, ஆனா சத்தமும் நேரமும் ஆகும், ரெண்டுமே திருடனுக்குப் புடிக்காது. ஒரு லட்சம் வெள்ளி காடில இந்த இரும்ப மாட்டுறது அசிங்கமா இருக்குன்னு நினைக்காதீங்க லா. ராத்திரில மூக்க செவுத்துப் பக்கம் ஒட்டி நிறுத்துனா பம்பர் கிட்ட கை வைக்கவும் இடம் இருக்காது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): கண்ணாடில முட்டை அடிச்சா வைப்பர் போடக் கூடாது, பால் மாதிரி ஆகி 92.5 சதவீதம் கண்ணு மறைஞ்சிடும்னு வாட்ஸ்அப்ல வருதே?

பதில்: அந்த 92.5 யாரு அளந்தாங்கன்னு அத அனுப்பின பெரியப்பா கிட்டயே கேளுங்க. முட்டைன்னா கொஞ்சம் மங்கலாகும், தண்ணிய நல்லா அடிச்சா போயிடும். முக்கியம் என்னன்னா இறங்கித் துடைக்கக் கூடாது. பின்னாடி கண்ணாடில பேப்பர் ஒட்டி வைப்பானுங்கங்கற மெசேஜும் இதே ரகம், ஏதாவது ஒட்டியிருந்தா இருக்கட்டும், ஓட்டிட்டுப் போய் வெளிச்சத்துல எடுங்க.

கேள்வி (பாயான் பாரு, பினாங்கு): மூத்தவள டியூஷன்ல விட இறங்குறப்ப சின்னவன் கார் சீட்ல தூங்கிட்டு இருப்பான். எழுப்புனா அழுவான், அதனால ஏர்கோன் போட்டு என்ஜின ஓட விட்டுட்டு ரெண்டே நிமிஷத்துல வந்துடுவேன். வீட்டுக்காரர் திட்டுறாரு. தப்பா?

பதில்: வீட்டுக்காரர் பக்கம்தான் நான். தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இந்த ரெண்டு நிமிஷத்த திருடன் பாக்குற விதமே வேற. அவனுக்கு உங்க புள்ள வேணாம், ஓடிட்டு இருக்கற காடிதான் வேணும், ஏறி உக்காந்து ஓட்டுனதுக்கப்புறம்தான் பின்னாடி ஒரு குழந்தை இருக்கறதே அவனுக்குத் தெரியும். அப்புறம் அவன் பதட்டத்துல எங்க எறக்கி விடுவானோ, எப்படி ஓட்டுவானோ. எழுப்பித் தூக்கிட்டுப் போங்க, அழட்டும். சரி என்ஜின ஆஃப் பண்ணி, பூட்டிட்டுப் போறேன்னு நினைக்காதீங்க, நம்ம ஊர் வெயிலுக்கு பத்து நிமிஷத்துல உள்ள அடுப்பு மாதிரி ஆயிடும். டியூஷன் டீச்சர் கிட்ட சொல்லி வச்சா அவங்களே வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க, வெக்கப்படாமக் கேளுங்க.

புள்ள உள்ள இருக்கறப்ப எவனாவது கதவத் திறந்துட்டான்னா, காடிய எடுத்துக்கோ, புள்ளைய விடுன்னு மலாய்லயே கத்துங்க, தமிழ் அவனுக்குப் புரியாமப் போகலாம். "அனாக் டி பெலாகாங்", பின்னாடி புள்ள இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். தனியா கைக்குழந்தையோட போறவங்க கார் சீட்ட பின் சீட்ல இடது பக்கம் போடுங்க, ரோட்டோரம் நடைபாதைப் பக்கமாவே தூக்கலாம்.

பெட்ரோல் ஸ்டேஷனும் இதே கதைதான். பம்ப் பக்கத்துல காடிய விட்டுட்டு, சாவிய உள்ளயே வச்சுட்டு, மைகாட்டும் காசும் எடுத்துக்கிட்டு கவுண்டர் க்யூல நிக்கறவங்கள தினம் பாக்கறேன். சாவிய எடுத்து, கதவப் பூட்டிட்டுப் போங்க, நாலு கதவும் பூட்டியிருக்கட்டும். செட்டல் மாதிரி ஆப்ல உக்காந்த எடத்துலயே காசு கட்டலாம், அதயாவது பழகிக்குங்க. எண்ணெய் ஊத்தறப்ப டிரைவர் பக்கம் நீங்க நிக்கறீங்க, பசெஞ்சர் பக்கக் கதவ ஒருத்தன் மெதுவாத் திறந்து பைய எடுத்துட்டுப் போறான், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி (பட்டர்வொர்த்): என்னோடது பழைய புரோட்டோன் விரா. இதப் போய் யாரு திருடப் போறான்னு நண்பர்கள் சிரிக்கறாங்க. பூட்டு வாங்கணுமா?

பதில்: வாங்குங்க அண்ணே, சிரிக்கறவங்க சிரிக்கட்டும். 1993ல வந்த காடி, இன்னும் ரோட்டுல ஏகப்பட்டது ஓடுது, ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஆளு இருக்கு, அவ்ளோதான் காரணம். முழுசா விக்க மாட்டான், வெட்டி கதவு தனி, கியர்பாக்ஸ் தனின்னு போயிடும், அப்புறம் எந்தக் காலத்துக்கும் கெடைக்காது. பழைய காடில சாவித் துவாரமே தேஞ்சு போய் கையில கெடைக்கறதப் போட்டாலும் திரும்பும், அதனால உங்க போமன் கிட்ட சொல்லி பெட்ரோல் பம்புக்குப் போற வயர்ல ஒரு ரகசிய சுவிட்ச் போடச் சொல்லுங்க, செலவு பெருசா இருக்காது, அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னு மாமாக் கடைல உக்காந்து பெருமையா சொல்லாம இருந்தா சரி. பெடல் லாக்கோ ஸ்டியரிங் லாக்கோ ஒண்ணு சேத்துப் போடுங்க. முக்கியமா இன்சூரன்ஸ் எதுன்னு பாருங்க, பழைய காடிக்கு நிறைய பேரு தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போடறாங்க, அதுல காடி காணாமப் போனா ஒரு காசு வராது. தேர்ட் பார்ட்டியோட தீயும் திருட்டும் சேர்ந்த பாலிசி ஒண்ணு இருக்கு, ஏஜெண்டு தானாச் சொல்ல மாட்டாரு, நீங்கதான் கேக்கணும்.

கேள்வி (பூச்சோங்): என் மச்சான மாமாக் கடை பார்க்கிங்ல நாலு பேரு மடக்கி, நாங்க பேங்க் ஆளுங்க, தவணை பாக்கி இருக்கு, சாவியக் குடுன்னு மெரட்டி காடிய ஓட்டிட்டுப் போயிட்டானுங்க. காடி இன்னொருத்தர் பேர்ல, இவரு சம்போங் பாயார்ல எடுத்தது. இன்சூரன்ஸ் கெடைக்குமா?

பதில்: ரெண்டு விஷயத்தப் போட்டுக் குழப்பிட்டீங்க, ஒண்ணொண்ணா வரேன்.

காடி இழுக்கறவங்க நெசமாவே இருக்காங்க, அது ஒரு தொழில், ஆனா அதுக்கு 1967ஆம் வருஷத்து தவணைமுறைச் சட்டம் இருக்கு. தொடர்ந்து ரெண்டு மாசம் கட்டாம விட்டாத்தான் பேங்க் கை வைக்க முடியும், அதுக்கும் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் வரணும், 21 நாள் டைம் குடுக்கணும். 75 சதவீதத்துக்கு மேல கட்டி முடிச்சிருந்தா கோர்ட் ஆர்டர் இல்லாம தொடவே முடியாது. இழுக்கற ஆளுக்கும் பெர்மிட் வேணும். அதனால தவணைய ஒழுங்காக் கட்டுறவர எவனாவது மடக்கினா, கண்ணாடிய எறக்காம பெர்மிட்டக் காட்டுன்னு கேளுங்க, அப்புறம் எல்லாரும் பாலாய்க்குப் போய் பேசலாம்னு சொல்லுங்க. உண்மையான ஆளு வருவான், போலி ஆளு சத்தம் போடுவான். கண்ணாடிய தட்டறான் ஒதைக்கறான்னா மெதுவா நகர்ந்து கெளம்பிடுங்க, 999 அடிச்சுட்டே போங்க. பட்டப்பகல்ல நாலு பேரு டீ குடிச்சிட்டு இருக்கறப்ப வந்து மெரட்டுனா நம்ம ஆளுங்க வெக்கத்துலயே சாவியக் குடுத்துடறாங்க, கடன்காரன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுடுமேன்னு, அந்த வெக்கத்த நம்பித்தான் இந்தப் போலிங்க பொழைக்கறானுங்க.

இப்ப சம்போங் பாயார். இத நான் எத்தனை தடவ எழுதினாலும் கேள்வி வந்துட்டேதான் இருக்கு. ஒருத்தர் பேங்க் கடன்ல எடுத்த காடிய இன்னொருத்தர் கையில குடுத்து நீ மாசாமாசம் கட்டிட்டு வாங்கறது, பேங்குக்குத் தெரியாம. கடன் முடியற வரைக்கும் காடி பேங்கோடது, அதக் கைமாத்தி விட கிராண்ட்ல, அதான் காடி பதிவுப் பத்திரத்துல, பேரு இருக்கறவருக்கே உரிமையில்ல. உங்க மச்சான் பணம் கட்டியிருக்கலாம், அந்தப் பணம் பேங்குக்குப் போச்சான்னு யாரு பாத்தா? அவரு குடுத்தத அந்த ஆளு பாக்கெட்ல போட்டுக்கிட்டா பேங்க் உண்மையிலயே ஆள அனுப்பியிருக்கலாம். மொதல்ல பேங்க்ல கேட்டு, காடிய எடுத்தது அவங்கதானான்னு தெரிஞ்சுக்குங்க, இல்லன்னா ரிப்போர்ட்ல நடந்தத நடந்தபடி சொல்லுங்க, சம்போங் பாயாரயும் மறைக்க வேணாம், கதை மாறுனா அவருக்கே வெனையாயிடும். இன்சூரன்ஸ் அவரு பேர்ல இல்ல, அதனால அவருக்கு ஒண்ணும் வராது. பேரு இருக்கறவருக்கும் சிக்கல்தான், நம்பிக் குடுத்த ஆளு காடியோட காணாமப் போனா அது திருட்டுல சேராது, நம்பிக்கை மோசடிம்பாங்க, பாலிசில அதுக்கு பணம் இல்லன்னு எழுதியே இருக்கும்.

கேள்வி (அம்பாங்): காடி போயிடுச்சு, ரிப்போர்ட்டும் குடுத்துட்டேன். இன்சூரன்ஸ் பணம் இன்னும் வரல, பேங்க் மட்டும் மாசம் பொறந்தா தவணை கேக்குது. காடியே இல்லாம எதுக்குக் கட்டணும்?

பதில்: கட்டித்தான் ஆகணும், வயிறு எரியும், தெரியும். காடி போனாலும் கடன் போகாது. இன்சூரன்ஸ் கம்பெனி போலீஸ் விசாரணை முடிவுக்காக மாசக்கணக்குல காத்திருக்கும், நடுவுல நீங்க கட்டலன்னா பேரு கெட்டு வட்டியும் ஏறும். பேங்க்ல போய் எழுத்துல சொல்லி தவணையக் கொறைக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க. பணம் வந்தாலும் மொதல்ல பேங்குக்குப் போய், மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்கு. புது காடிய ஒம்போது வருஷக் கடன்ல எடுத்தவங்களுக்கு மொத வருஷங்கள்ல காடியோட மதிப்பு கடனவிட வேகமா எறங்கிடும், அப்ப தொலைஞ்சா மிச்சக் கடன உங்க கையிலேர்ந்து போடணும். அதுக்குத்தான் பாலிசி எடுக்கறப்பவே இந்தத் தொகைக்குன்னு பேசி முடிவு பண்ற டைப்பா, இல்ல அன்னிக்கு மார்க்கெட் விலையான்னு கேளுங்கன்னு சொல்றது, ரெண்டாவதுல விலைய அவங்க சொல்றதுதான்.

கம்பெனி ரெண்டு சாவியயும் கேக்கும். ஒண்ணு இல்லன்னா ஏன் இல்லன்னு கேள்வி வரும், அந்த ஸ்பேர் சாவி எங்கன்னு எல்லாரும் இன்னிக்கே தேடிப் பாருங்க. கிளைம் பண்ணா என்சிடி, அதான் கிளைம் பண்ணாத வருஷங்களுக்குக் குடுக்கற கழிவு, போயிடும், அஞ்சு வருஷமா சேத்து 55 சதவீதத்துல இருந்தவங்களும் பூஜ்யத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். காடிக்குள்ள இருந்த லேப்டாப், நகை, ஸ்கூல் பேக்கு எதுக்கும் சாதாரண காடி பாலிசில பணம் கெடையாது. கண்ணாடிய மட்டும் உடைச்சிருந்தா, கண்ணாடி கவரேஜ்னு தனியா காசு கட்டியிருந்தா என்சிடி கொறையாமலே கிளைம் பண்ணலாம், போன மாசம் எழுதுன தங்கச்சிக்கும் இது சேத்திதான்.

ரிப்போர்ட்ட எந்த பாலாய்லயும் குடுக்கலாம், எங்க போச்சோ அங்கதான்னு இல்ல. ஆனா காடியக் காணோம்னதும் பதறி ஓடாம, நிறுத்துன எடம் மஞ்சக் கோடா, டிபிகேஎல், அதான் கோலாலம்பூர் மாநகராட்சி, இழுத்துட்டுப் போச்சான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. பினாங்குல தீவுன்னா எம்பிபிபி, பெருநிலம்னா எம்பிஎஸ்பி.

கேள்வி (கோம்பாக்): தற்காப்புக்கு சீட்டுக்கு அடியில ஒரு பேஸ்பால் பேட்டும் சின்ன பாராங்கும் வச்சிருக்கேன். சரிதானே தலைவா?

பதில்: சரியில்ல. ரோட் பிளாக்ல மாட்டுனா மட்டை இருக்கு, பந்து எங்கன்னு மொதக் கேள்வியே கேப்பாங்க. ஆயுதத்த பொது எடத்துல வச்சிருக்கறதுக்கு 1958ஆம் வருஷத்து சட்டமே தனியா இருக்கு, ஜெயிலும் பிரம்படியும் உண்டு. சட்டத்த விடுங்க, சீட்டுக்கு அடியில குனிஞ்சு நீங்க எடுக்கறதுக்குள்ள எதிர்ல நிக்கறவன் என்ன செய்வான்னு யோசிச்சீங்களா? காடி திருடுனா குற்றவியல் சட்டம் 379ஏ, ஒரு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் வரைக்கும் அவன் போவான், நீங்க அவனுக்கு முன்னாடி உள்ள போயிடாதீங்க.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): கறுப்பா டிண்டட் அடிச்சுட்டா பை இருக்கறது வெளிய தெரியாதுல்ல?

பதில்: பின்னாடி அடிச்சுக்கலாம், 2019 மே 8லேர்ந்து சொந்தக் காடிக்கு பின் பக்கக் கண்ணாடிக்கு அளவு இல்ல. முன் கண்ணாடில 70 சதவீதம், முன் கதவுங்கள்ல 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும், அது மாறல. ஆக பசெஞ்சர் சீட்ல இருக்கற பை தெரியத்தான் செய்யும், காடிக்குப் பின்னாடி இருக்கற பூட்ல போடுங்க, கெளம்புறப்பவே போடுங்க. லெபு பாசார்ல காடிய நிறுத்தி, எல்லாரும் பாக்க பூட்டத் திறந்து பைய உள்ள வச்சு மூடிட்டு சேலை எடுக்கப் போறாங்க பாருங்க, அவங்களுக்கு நான் என்ன சொல்ல. பூட்டுனதும் கைப்பிடிய ஒரு தடவ இழுத்துப் பாருங்க, ரிமோட் சிக்னல தடுக்கற கருவிய வச்சுக்கிட்டு பார்க்கிங்ல நிக்கறவனும் இருக்கான், நீங்க பூட்டுனதா நெனைச்சுக்கிட்டுப் போவீங்க, பூட்டியிருக்காது. கிராண்ட் காப்பிய டேஷ்போர்டுல வைக்காதீங்க, வீட்டு விலாசம் அதுல இருக்கு. ரோட் டேக்ஸயும் 2023 பிப்ரவரிலேர்ந்து மைஜேபிஜே ஆப்ல காட்டுனாப் போதும்.

தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ போறவங்க காடில எதையும் வைக்காதீங்க, கூட்டத்துல யாரும் கண்ணாடி உடையுற சத்தத்தத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பத்துமலைக்கு கேடிஎம் கொமுட்டர் வாசல் வரைக்கும் போகுது.

கேள்வி (கெப்போங், இன்னொரு வாசகர்): காடிக்குள்ள ஏர்டேக் போட்டு வைக்கலாமா? காணாமப் போனா நாங்களே கண்டுபுடிச்சுடுவோம்ல?

பதில்: போடலாம், ஒண்ணும் இல்லாததுக்கு அது பரவால்ல. ஆனா தெரியாத டேக் ஒண்ணு கூடவே வருதுன்னு திருடனோட கைப்பேசிக்கே அது சொல்லிடும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க. சிம் போட்ட ஜிபிஎஸ் ட்ராக்கர்னா அந்தத் தொல்லை இல்ல, மாசச் சந்தா இருக்கும், டேஷ்போர்டு அறைலயும் சீட்டுக்கு அடியிலயும் வைக்காதீங்க, அவன் மொதல்ல கை விடற எடம் அதுதான், வயரிங் தெரிஞ்ச போமன் கிட்ட குடுத்து உள்ள மறைக்கச் சொல்லுங்க. எடுத்த காடிய ட்ராக்கர் இருக்கான்னு பாக்க ஏதாவது ப்ளாட் பார்க்கிங்ல ஒரு நாள் ரெண்டு நாள் சும்மா நிறுத்தி வச்சுட்டு தள்ளி நின்னு பாப்பானுங்க. அதனால கைப்பேசில காடி நிக்கற எடம் தெரிஞ்சதும் மச்சான், தம்பி எல்லாரையும் கூட்டிட்டுப் போய் நிக்காதீங்க, ஸ்பேர் சாவி இருக்குன்னு நீங்களே ஏறி ஓட்டிட்டும் வராதீங்க, ரிப்போர்ட்ல அது இன்னும் திருட்டுக் காடிதான், ரோட் பிளாக்ல உங்களத்தான் இறக்குவாங்க. ரிப்போர்ட் நம்பரையும் அந்த எடத்தோட ஸ்க்ரீன்ஷாட்டையும் உங்க கேஸ் பாக்கற ஐஓவுக்கு, அதான் விசாரணை அதிகாரிக்கு, அனுப்புங்க, அவரு எடுக்கலன்னா 999 அடிச்சு அந்த நம்பரச் சொல்லுங்க, அவங்க வர வரைக்கும் தூரமா இருங்க.